பொட்டாசியத்துக்கு மேல் வரியையும் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் ஒரு தாய் கேட்டிருந்தார்: மூன்று மாதக் குழந்தைக்கு இரண்டு முறை ரத்தம் எடுத்தும் பொட்டாசியம் 6.4, 6.6 என்றே வருகிறது, என்ன செய்வது? வாழைப்பழம், இளநீர், தக்காளியைக் குறைக்கவும், காய்கறிகளை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கவும் என்று பதில் வந்திருந்தது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவருக்குச் சொல்ல வேண்டியது தவறிப்போய் இந்தக் கேள்விக்குக் கீழே அச்சாகிவிட்டதோ என்று நினைத்தேன். தாய்ப்பால் தவிர எதுவும் வாயில் படாத பிள்ளைக்கு எந்தக் காய்கறியை ஊறவைப்பது?

நான் டாக்டர் இல்லை. குடியாத்தத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். மருந்து சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் என்று அச்சாகும் எண் எப்படியெல்லாம் உருவாகிறது என்பது எனக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். அதோடு, எங்கள் வீட்டிலேயே ஒரு குழந்தைக்கு இந்த எண் வாரக்கணக்கில் இறங்காமல் இருந்து, அதன் காரணத்தைக் கண்டுபிடித்த விதத்தையும் கூடவே இருந்து பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பொய்ப் பொட்டாசியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. நாம் அளப்பது வெளியே இருக்கும் சொற்பத்தை. ஆகவே ட்யூபில் கொஞ்சம் சிவப்பணு உடைந்தாலும் எண் எகிறும். கைக்குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கும்போது இது சர்வசாதாரணம். நரம்பு கிடைக்காமல் குதிகாலில் குத்திப் பிழிவார்கள். மெல்லிய ஊசியில் சிரிஞ்சைப் பலமாக இழுப்பார்கள். எடுத்த ரத்தத்தை ஊசியைக் கழற்றாமல் அப்படியே ட்யூபுக்குள் பீய்ச்சுவார்கள். ரத்தத்தைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் சுற்றியதும் மேலே நிற்கும் நீர், அதாவது சீரம், வெளிர் மஞ்சளாக இல்லாமல் ரோஸ் கலரில் நின்றால் ஹீமோலைஸ் ஆகிவிட்டது, அதாவது அணு உடைந்துவிட்டது என்று தெரிந்துவிடும். அந்த சாம்பிளை நம்ப முடியாது, மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

கலரே மாறாமல் ஏமாற்றுவதும் உண்டு. சுற்றாத ரத்தத்தை, பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வேலூருக்கு அனுப்புகிற வழக்கத்தை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். குளிரில் செல்லின் பம்ப் வேலை செய்யாது. அணு உடையாமலே பொட்டாசியம் கசிந்து வெளியே வரும். சீரம் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், எண் மட்டும் 7 காட்டும். இன்னொன்று, ஊதா மூடி ட்யூபில் இருக்கும் மருந்தே பொட்டாசியம் உப்புதான். செல் கவுண்ட்டுக்கு எடுத்த அந்த ட்யூபிலிருந்து நாலு சொட்டு இந்த ட்யூபுக்கு மாற்றினால் பொட்டாசியம் எங்கேயோ போய்விடும், கால்சியம் அதலபாதாளத்தில் விழும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அனுபவமுள்ள டெக்னீஷியன் சிரித்துவிடுவார். பிளேட்லெட் மிக அதிகமாக உள்ள குழந்தைக்கு ரத்தம் உறையும்போதே பொட்டாசியம் வெளியாகும். அதற்குப் பச்சை மூடி ஹெப்பாரின் ட்யூபில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அபூர்வமாகச் சில குடும்பங்களில் பரம்பரையாகவே சிவப்பணு வெளியே வந்து சூடு குறைந்ததும் கசியும். உடம்புக்குள் ஒரு கோளாறும் இராது.

அப்புறம் ரிப்போர்ட்டில் அச்சாகும் நார்மல் அளவு. 3.5 முதல் 5 வரை என்பது வளர்ந்தவர்களுக்கு. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு 6-ஐ ஒட்டி இருந்தாலும் அது இயல்பாக இருக்கலாம். பெரியவர்களின் அளவை வைத்து மெஷின் தடித்த எழுத்தில் அதிகம் என்று போட்டுவிடும். பெற்றவள் அதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்க மாட்டாள்.

இவ்வளவு பொய்கள் இருப்பதால்தான் நிஜம் வரும்போது அதையும் பொய் என்று தள்ளிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு ஆதங்கம்.

எங்கள் அக்கா பேரணாம்பட்டில் இருக்கிறாள். அவள் மகளை எங்கள் அண்ணன் மகனுக்கே முறைப்படி கட்டிக்கொடுத்தோம். அவர்களுக்கு ஆண் குழந்தை. பிறக்கும்போது எடை 2.9 கிலோ, ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வாரத்திலிருந்து பால் குடிக்கச் சோம்பல், குடித்ததைக் கக்குவது, எடை ஏறாதது. ஒரு மாதம் ஆனபோது பிறந்த எடையைவிடக் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டினார். இன்னொருவர் உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது, பட்சி தோஷம் என்றார். அவரை நான் கேலி செய்ய மாட்டேன். உச்சிக்குழி உள்ளே போனதை முதலில் கவனித்தது அவர்தான். உடம்பில் நீரும் உப்பும் வற்றியதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி எங்கே இருக்கிறது?

ஒரு சின்ன மருத்துவமனையில் காட்டினார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 6.8. ஹீமோலைஸ் ஆகியிருக்கும், தாய்ப்பால் போதவில்லை, பவுடர் பால் சேர்த்துக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமும் அதே கதை. எண் கொஞ்சம் கூடியிருந்தது, பதில் மாறவில்லை. எனக்கு அந்த ரிப்போர்ட்டைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள் அக்கா மகள். பொட்டாசியம் 7.1. அதற்கு மேல் வரியில் சோடியம் 124.

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்த விஷயம் அந்த மேல் வரிதான். ரத்தம் எடுத்த விதம் சரியில்லை என்றால் பொட்டாசியம் ஏறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு மோசமாகப் பிழிந்தாலும் 135-க்கு மேல் இருக்க வேண்டிய சோடியம் 124-க்கு இறங்காது. சோடியம் குறைந்து, பொட்டாசியம் கூடி, பைகார்பனேட்டும் குறைந்து ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தால், எடை ஏறாத கைக்குழந்தையிடம் அந்த மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். உடம்பில் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளச் சொல்லும் ஹார்மோன் ஆல்டோஸ்டீரான். அது சுரக்கவில்லை, அல்லது சுரந்தும் சிறுநீரகம் அதற்குக் கட்டுப்படவில்லை என்பதற்கான அடையாளம் அது. நான் போனில் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: இன்றைக்கே வேலூர் பெரிய மருத்துவமனைக்குக் கிளம்பு, இந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொள், பவுடர் பாலைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

வேலூரில் அவர்கள் முதலில் ரத்தத்தை மறுபடி எடுத்தார்கள். நல்ல நரம்பில், பிழியாமல், ரப்பர் கட்டு இறுகாமல், உடனே சுற்றி. காத்திருக்கும் நேரத்தில் இ.சி.ஜி. அதில் அலை கூராக உயர்ந்து நின்றது, பொட்டாசியம் இதயத்தைத் தொட்டுவிட்டதன் அடையாளம் அது. அப்போதே கால்சியம் குளுக்கோனேட் போட்டார்கள். அது பொட்டாசியத்தைக் குறைக்காதாம், இதயத்தைக் காக்கும். குறைக்கிறதற்கு இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்து, கூடவே மூச்சுக்குப் புகைமருந்து, நரம்பில் உப்புத்தண்ணீர். நான் கவனித்த இன்னொன்றும் உண்டு. ஸ்டீராய்டு ஊசி போடும் முன்பே சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்களான கார்டிசோல், 17 ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன், ஆல்டோஸ்டீரான், அந்த ஆல்டோஸ்டீரானைச் சுரக்கத் தூண்டும் ரெனின் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்து வைத்துவிட்டார்கள். ஊசி போட்ட பிறகு எடுத்தால் அந்த எண்கள் குழம்பிவிடும், நோய் பெயர் தெரியாமலே வருடங்கள் ஓடும். ரெனின் ட்யூபை ஐஸில் வைக்கக் கூடாது என்று அங்கே ஓர் இளம் டெக்னீஷியன் பையனிடம் சிஸ்டர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு எனக்கு மனசு நிறைந்தது. குளிர்ந்தால் அது பொய்யாக ஏறும். எங்கள் பக்கத்து நிலையங்களில் எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் போடுவதுதான் பத்திரம் என்று நினைக்கிறோம்.

முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஸ்டீராய்டு தொடங்கினார்கள். காரணம், இந்த வயதில் இப்படி வருவதற்கு அவர்கள் முதலில் சந்தேகப்பட்டது பிறவி அட்ரினல் கோளாறு. சுரப்பியில் ஒரு நொதி இல்லாமல் ஆல்டோஸ்டீரானும் கார்டிசோலும் சுரக்காது. பெண் குழந்தை என்றால் பிறப்புறுப்பில் மாற்றம் தெரிந்து பிரசவ அறையிலேயே சந்தேகம் வரும். ஆண் குழந்தை பார்க்க நன்றாகவே இருப்பான். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் உப்பு வற்றி விழுந்துவிடுவான். ஏன் என்று தெரியாமலே புதைத்துவிட்டு வந்த வீடுகள் எத்தனையோ.

அதோடு சிறுநீர்ப் பரிசோதனை, கல்ச்சர், வயிற்று ஸ்கேன். இது மிக முக்கியம், இதற்கு வேலூர்கூடப் போக வேண்டியதில்லை. சிறுநீர்ப் பாதையில் அடைப்போ, பின்னோக்கி ஏறும் கோளாறோ உள்ள சின்னக் குழந்தைக்குச் சிறுநீரில் கிருமித்தொற்று வந்தால், சிறுநீரகம் சில நாட்களுக்கு ஆல்டோஸ்டீரானுக்குக் கட்டுப்படாது. இதே சோடியம், இதே பொட்டாசியம் வரும். தொற்றைச் சரிசெய்தால் சரியாகிவிடும். இதைப் பார்க்காமல் மரபணுப் பரிசோதனைக்குப் போவது பணத்துக்குக் கேடு. எங்கள் பிள்ளைக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் சிறுநீரில் சோடியம் நிறையப் போய்க்கொண்டிருந்தது. உடம்பில் உப்பு பற்றாக்குறை இருக்கும்போது சிறுநீரில் உப்பு போகவே கூடாது. தாலுகா அளவிலேயே செய்யக்கூடிய மலிவான பரிசோதனை இது, யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஸ்டீராய்டு கொடுத்தும் பொட்டாசியம் அசையவில்லை. சில நாட்களில் முடிவுகள் வந்தன. கார்டிசோல் நன்றாக இருந்தது, 17 ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் சரியாக இருந்தது, ஆகவே பிறவி அட்ரினல் கோளாறு இல்லை. ரெனின் மிக அதிகம். ஆல்டோஸ்டீரான் அந்த வயதுக் குழந்தைகளின் அளவோடு ஒப்பிட்டாலும் பல மடங்கு. (குழந்தைகளுக்கு அது இயல்பாகவே கூடுதல், அதனால் இங்கேயும் பெரியவர் அளவை வைத்துப் பார்க்கக் கூடாது.) மாமியார் கூடத்தில் நின்று கத்துகிறார், மருமகளுக்குக் காது கேட்கவில்லை, அதனால் இன்னும் சத்தமாகக் கத்துகிறார் என்று அந்த டாக்டரம்மா அக்காவுக்கு விளக்கினார். அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆல்டோஸ்டீரான்தான் மாமியார், காது கேட்காத மருமகள் சிறுநீரகம். நோயின் பெயர் சூடோஹைப்போஆல்டோஸ்டிரோனிசம், முதல் வகை. 1958-ல் சீக், பெர்ரி என்ற இருவர் முதலில் எழுதியது.

இதிலேயே இரண்டு உண்டு. ஒன்று சிறுநீரகத்தோடு நிற்பது. மற்றது வேர்வை, உமிழ்நீர், நுரையீரல் என்று எல்லா இடத்திலும் உப்பு கசிவது. இரண்டாவது கடுமையானது, ஆயுசுக்கும் தொடர்வது. வேர்வையில் உப்பு எவ்வளவு என்று பார்த்துப் பிரிக்கலாம். எங்கள் பிள்ளைக்கு வேர்வை சரியாக இருந்தது, அதாவது சிறுநீரகத்தோடு நிற்கும் வகைதான். பிறகு மரபணுப் பரிசோதனையும் அதையே உறுதிசெய்தது.

அதற்கு முன்பே, ஒரு காசும் செலவில்லாத ஒரு பரிசோதனை நடந்தது. டாக்டரம்மா அக்காவை உட்காரவைத்து, குடும்பத்தில் வேறு யாராவது குழந்தை இப்படி இருந்ததா என்று கேட்டார். அக்காவின் முதல் ஆண் குழந்தை நாற்பது நாளில் இறந்துபோனது. மாந்தம் என்றார்கள் அப்போது. இந்தப் பெண், அதாவது குழந்தையின் தாய், சின்ன வயதில் சவலையாகக் கிடந்து தேறியவள். அடுக்களையில் கல்லுப்பு ஜாடியிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடி வாங்கியவள். அவளுடைய ரத்தத்தையும் பார்த்தார்கள். நல்ல ஆரோக்கியமாக நடமாடும் அவளுக்கும் ஆல்டோஸ்டீரான் கூடுதலாகவே இருந்தது. சிறுநீரகத்தோடு நிற்கும் இந்த வகை, தாய் அல்லது தந்தை ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். கேட்க வேண்டிய கேள்வியை இரண்டாவது வாரத்திலேயே யாராவது கேட்டிருந்தால் அத்தனை நாள் வீணாகியிருக்காது.

அதில் எங்கள் வீட்டுக்கு வேறொரு நிம்மதியும் கிடைத்தது. சொந்தத்தில் கட்டியதால்தான் என்று அதுவரை அண்ணன் வீடும் அக்கா வீடும் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டே இருந்தார்கள். இந்த வகைக்குச் சொந்தக் கல்யாணம் காரணமே இல்லை என்று தெரிந்தது. ஆனால் நான் சொன்ன அந்தக் கடுமையான வகையும், பிறவி அட்ரினல் கோளாறும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டியவை. அவற்றில் நெருங்கிய சொந்தத்தில் கட்டுவது நிஜமாகவே ஆபத்தைக் கூட்டும். நம் வட ஆற்காடு பக்கம் மாமன் மகள், அத்தை மகன் இன்னும் சாதாரணம்தான். எது எந்த வகை என்று தெரியாமல் பழி போடுவதும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று மறைப்பதும் வேண்டாம்.

வைத்தியம் என்ன தெரியுமா? உப்பு. டாக்டர் கணக்குப் போட்டு, எடைக்குத் தக்கபடி அளந்து கொடுத்த சோடியம். சில நாட்களில் பொட்டாசியம் 5-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பிள்ளை பாலை இழுத்துக் குடிக்க ஆரம்பித்தான். வளர வளர அளவைக் குறைத்தார்கள். இப்போது அங்கன்வாடியில் சேட்டை செய்துகொண்டு இருக்கிறான், உப்பு மருந்தையும் நிறுத்தியாயிற்று. வாசகர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு வீட்டில் உப்பைக் கரைத்து ஊற்றிவிட வேண்டாம். அளவு தவறினால் உயிருக்கே ஆபத்து. கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடைக் கலந்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் அந்த உப்பைப் பரிந்துரைத்ததும் வளர்ந்தவர்களுக்கு மட்டும்தான். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும் சேர்க்கவில்லை. நல்லது என்று நினைத்து யாரோ வாங்கிக் கொடுத்தால் இப்படிப்பட்ட பிள்ளையின் கதி என்ன ஆகும்?

சோடியம் சரியாக இருந்து பொட்டாசியம் மட்டும் விடாமல் கூடுதலாக இருந்தால் வழி வேறு. சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று கிரியேட்டினின் பார்க்க வேண்டும். குழந்தை வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறதா என்று கேட்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு நாம் சாதாரணமாக வாங்கும் கோட்ரைமாக்சசோல் சிரப்பே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. இதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் அப்படித்தான். அப்புறம் கார்டன் நோய்க்குறி என்று ஒன்று, அதில் உப்பு வற்றாது, தங்கும். ரத்த அழுத்தம் கூடும், சில பிள்ளைகளுக்கு அது பல வருடம் கழித்துத்தான் தெரியவரும். தயசைடு என்ற பழைய, விலை மலிவான மாத்திரையே அதற்குப் போதுமானது. ஆனால் கண்டுபிடிக்கக் குழந்தைக்கு பி.பி. பார்க்க வேண்டுமே! கைக்குழந்தை அளவுக்கான பட்டை எத்தனை கிளினிக்கில் இருக்கிறது என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள்.

உங்களிடம் கேள்வி கேட்ட அந்தத் தாய்க்கு இந்த வாரமே திருத்தம் போடுங்கள். நல்ல நரம்பில் மறுபடி ரத்தம் எடுத்து, சோடியம், பைகார்பனேட், கிரியேட்டினின், சிறுநீர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு வாந்தியோ சோர்வோ எடைக்குறைவோ இருந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே குழந்தைகள் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் எடுத்த சில சொட்டு ரத்தத்தை ஒரு அட்டையில் உலரவைத்துத் தபாலில் அனுப்பினால் பிறவி அட்ரினல் கோளாறைக் கண்டுபிடிக்கலாம். ஐஸ் பெட்டியும் வேண்டாம், சாம்பிளைக் கொண்டுபோகச் சொல்லிப் பஸ் கண்டக்டரிடம் கெஞ்சவும் வேண்டாம். கோவாவும் கேரளமும் அரசுத் திட்டமாகவே இதைச் செய்திருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்ததில், ஏறக்குறைய 5,800 பேரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருந்தது. சென்னையில் மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 2,000-க்கு ஒருவர். எங்கள் பேரனுக்கு வந்தது இந்த அட்டையில் பிடிபடாது, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலும் அரசுப் பிரசவ வார்டுகளில் இதைத் தொடங்கலாம். குத்தத் தெரிந்த டெக்னீஷியன்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், பயிற்சி கொடுக்க வேண்டுமென்றால் என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் சம்பளமில்லாமல் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.